மேளத்தின் மேல் மட்டும்

ஃபிரிஸ்கோவில் தாங்கள் குடியிருந்த பகுதியின் அசோசியேஷன் போர்டில் ஹம்சா அந்த வருஷம்தான் சேர்ந்திருந்தாள். குப்பைத் தொட்டி, வெட்டாத புல் என்று சில்லறைப் புகார்களாக வந்துகொண்டிருந்தன. ஏப்ரலில் எதிர்வீட்டின் மேல் ஒன்று வந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் கராஜிலிருந்து மேளச் சத்தம் தாங்கவில்லையாம். எழுதியவர்கள் மூன்று பேர். ஒருவன் அவள் கணவன் நவநீத்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ போர்ட் மெம்பர். ப்ராப்பரா கம்ப்ளெயின்ட் பண்ணேன். அவ்ளோதான்."

எச்சரிக்கை மெயில் போனது. எதிர்வீடு ஆயிற்றே, நேரிலும் பேசிவிடலாம் என்று சனிக்கிழமை ஹம்சா தெருவைக் கடந்து போனாள். அவர்கள் பிரேசில் தம்பதி. கணவர் ஈவோ, தெற்கே ஜெர்மானியர்கள் குடியேறிய ஊர்க்காரர். மடியில் துருத்தி போல விரிந்து சுருங்கும் அக்கார்டியன், கொள்ளுத்தாத்தாவுடையது. மனைவி டால்வாவின் முன்னோர்களோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள். அவள் பக்கத்தில் இடுப்புயர மேளம் ஒன்று துணி போர்த்தி நின்றது.

"மெயில் வந்தது. அதனால் இன்றைக்கு இவர் மட்டும்தான்" என்றாள் டால்வா ஆங்கிலத்தில்.

ஈவோ வாசித்தார். கராஜே அதிர்ந்தது. ஆனால் பாதிப் பாட்டில் தடுமாறி நிறுத்திவிட்டார். "மெட்டு எங்கள் ஆட்கள் கொண்டுவந்தது. அதை நடக்கவைத்தது இவளுடைய ஆட்கள். இவள் கை இல்லாமல் எனக்கு ஓடமாட்டேனென்கிறது" என்று சிரித்தார்.

டால்வா சிரிக்கவில்லை. "இதுவும் சத்தம்தானே? இதைப் பற்றி யாராவது எழுதினார்களா?"

ஹம்சா யோசித்துப் பார்த்தாள். மூன்று மெயிலிலும் மேளம் மட்டும்தான் இருந்தது. இல்லையென்று தலையசைத்தாள்.

"எங்கள் ஊரில் ஒரு காலத்தில் மேளத்தைப் பிடுங்கிப் போக போலீஸ் வரும். இங்கே மெயில் வருகிறது. முன்னேற்றம்தான்" என்றாள் டால்வா.

வீட்டுக்கு வந்ததும் ஹம்சா நவநீத்திடம் கேட்டாள். "அந்த அக்கார்டியன் உனக்கு டிஸ்டர்பா இல்லையா?"

"அது மியூசிக் டி. இது சும்மா டம்மு டம்முன்னு."

ஹம்சாவுக்குச் சுருக்கென்றது. "மாயவரத்துல நாதஸ்வரம் போனா எங்கப்பா வாசலுக்கு வந்து நிப்பாரு. பறை போனா ஜன்னலைச் சாத்துன்னுவாரு. நானே ஓடிப்போய் சாத்தியிருக்கேன்."

"அது வேற, இது வேற."



அடுத்த கூட்டத்தில் ஹம்சா எழுந்து பேசினாள். விதியில் எந்த வாத்தியத்தின் பெயரும் இருக்கக் கூடாது, சத்தத்துக்கு ஓர் அளவு, நேரத்துக்கு மாலை ஆறு மணி என்று ஓர் எல்லை, அது எல்லாருக்கும் பொது என்றாள். சிலர் முணுமுணுத்தார்கள். புல் வெட்டும் மெஷினுக்கும் உண்டா என்று ஒருவர் கவலைப்பட்டார். கடைசியில் நிறைவேறியது, எச்சரிக்கையும் திரும்பப் பெறப்பட்டது.

சேதி சொல்லப் போனபோது டால்வா நன்றியெல்லாம் சொல்லவில்லை. துணியை உருவிவிட்டு, கராஜ் கதவைப் பாதி இறக்கி, அடிக்கத் தொடங்கினாள். ஈவோ சேர்ந்துகொண்டார். பாட்டு முடிந்ததும் ஹம்சா மனசில் அரித்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"அந்த மூன்று பேரில் என் கணவரும் ஒருவர்."

டால்வா மேளத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "அடுத்த வாரம் கூட்டி வாருங்கள்" என்றாள்.

நவநீத் லேசில் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு முறுக்குப் பொட்டலம். நாற்காலியை அக்கார்டியன் பக்கமாகவே இழுத்துப் போட்டுக்கொண்டான். ஆனால் ஆறு மணி வரை எழுந்திருக்கவில்லை.