சுருண்டுகொள்ளும் சாலை

ஆற்றை எட்ட மூன்றடி பாக்கி இருக்கும்போதெல்லாம், அரசாங்கம் போட்ட சாலை பாயைப் போலச் சுருண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து கிடந்தது. பதினொரு ஆண்டுகளில் பதினான்கு முறை இப்படி நடந்தது. முதல் முறை பொறியாளர் அறிக்கை எழுதினார். மூன்றாம் முறைக்குப் பின் அதையும் விட்டுவிட்டார். நூலாலை மூடியதும் நடுத்தெருவில் நின்ற இருநூறு பேருக்கு வேலை கொடுக்கத்தான் அந்தச் சாலையே தொடங்கப்பட்டது. அது முடியாதவரை இருநூறு வீட்டிலும் அடுப்பு எரிந்தது. தார் காய்ச்சுகிறவருக்கு மட்டும் அதில் வெட்கம். "போட்ட ரோட்டையே திரும்பத் திரும்பப் போடுறேன், இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று வீட்டில் அலுத்துக்கொள்வார். "உங்க ரோஷத்த உலையில போட்டா சோறு வெந்துடுமா? பொண்ணு படிப்பு முடியிற வரைக்கும் பேசாம காய்ச்சுங்க" என்பாள் மனைவி.

பன்னிரண்டாம் ஆண்டு ஆட்சி மாறியது. வேலையை உண்டாக்குவது அரசாங்கத்தின் வேலையல்ல, உண்டாக்குகிறவர்களுக்குத் தோள் கொடுப்பதே அதன் வேலை என்று புதியவர்கள் கண்டுபிடித்தார்கள். சாலையும் ஜல்லியும் ஆற்றங்கரை நிலமும் ஒரு கம்பெனிக்குத் தாரைவார்க்கப்பட்டன. கம்பெனி இயந்திரம் வைத்து ஆறே நாளில் போட்டது. ஏழாம் நாள் சாலை சுருண்டது. அதைப் படியவைக்கிறவருக்கு நிரந்தர வேலை என்றார் மேலாளர். காரணம் தார்க்காரருக்குத் தெரியும். கடைசி மூன்றடிக்கு முன் பார்வையிட அதிகாரி வரும்போது புதுத் தாரில் கால்தடம் தெரியக் கூடாதென்று எல்லோரும் கீழே இறங்கிவிடுவார்கள். மேலே கனமில்லை என்று தெரிந்த கணம் சாலை சுருளும். பதினொரு ஆண்டு மனைவியிடம்கூடச் சொல்லாததை, ஒரு வேலையையாவது முழுசாக முடித்துப் பார்க்கும் புத்திகெட்ட ஆசையில் மேலாளரிடம் சொல்லிவிட்டார்.

இருநூறு பேர் ஏறி நின்றார்கள், சாலை படிந்தது. சுங்கச்சாவடி வந்தது, அதில் உட்கார நான்கு பேர் வெளியூரிலிருந்து வந்தார்கள். நிற்பவர்களில் ஒருவர் இறங்கினாலும் ஓரம் எழும்பியது. "நிக்கிறதுக்கெல்லாமா சம்பளம்? நாலு வண்டி சேர்ந்து வரட்டும், முதல் வேலை உங்களுக்குத்தான்" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொன்னார் மேலாளர். முறையிடப் போன மனைவிமாரிடம் அதிகாரி, "நாங்க வேலை கொடுக்க முடியாதும்மா, கொடுக்கிறவங்களுக்கு ஒத்தாசைதான் பண்ண முடியும். நீங்களும் பண்ணுங்க" என்றார். இறங்கிவிடலாம்தான். இறங்கினால் அந்த முதல் வேலை பக்கத்தில் நிற்கிறவனுக்குப் போய்விடுமே என்ற பயம் இருநூறு பேரின் காலையும் பிடித்துவைத்தது. அரசாங்கத்தின் ஆண்டறிக்கை அவர்களைச் சாலைப் பணியில் இருப்பவர்கள் என்று சேர்த்துக்கொண்டது.

தார்க்காரரின் மனைவி நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். மூன்றாம் ஆண்டு அவர் முழங்கால்கள் வீங்கி, நிற்க முடியாமல் ஆடத் தொடங்கினார். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது மகள் பள்ளிச் சீருடையோடு வந்து பையை ஓரத்தில் வைத்தாள்.

"நீங்க இறங்குங்கப்பா, நான் நிக்கிறேன்."

"பரீட்சைம்மா?"

"நீங்க விழுந்துட்டா வேலை போயிடும்னு அம்மா அழுறாங்க."

அவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சாலை ஒரு விரற்கடை எழும்பியது. அவள் கனமே போதும் என்று கண்டு படிந்தது.