மேல்சட்டத்தில் பல் தடம்

குழந்தையின் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த துணுக்கை அம்மா முதலில் பிஸ்கட் தூள் என்றுதான் நினைத்தாள். விரல் நுனியில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது அது பளபளத்தது. தேன் நிறம், வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. திரும்பிக் குழந்தையின் தடுப்புக் கட்டிலைப் பார்த்தாள். மேல்சட்டத்தில் வரிசையாகப் பல் தடங்கள். ஓரிடத்தில் கட்டைவிரல் நகம் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து, வெளிறிய மரம் தெரிந்தது.

பல் முளைத்த நாளிலிருந்து அந்தப் பெண்குழந்தை கடிக்காத பொருள் வீட்டில் இல்லை. சாவிக்கொத்து, செருப்பு வார், அப்பாவின் மூக்கு. அதனால்தான் எல்லோரும் அவளை எலிக்குட்டி என்று கூப்பிட்டார்கள். ஆனால் கட்டிலையும் விடமாட்டாள் என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

கட்டிலைச் செய்தவள் குழந்தையின் அத்தை, அப்பாவுக்கு அக்கா. சொந்தப் பட்டறை வைத்திருக்கும் தச்சர். குடும்பத்தில் அவளுக்கு ரம்பம் என்று பெயர். அது தொழிலால் வந்த பெயர் இல்லை, பேச்சால் வந்தது. வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவரை அறுத்துவிட்டுத்தான் மூடுவாள். தொழில் பின்னால் வந்து பெயரோடு சேர்ந்துகொண்டது.

குழந்தையின் அம்மா மருந்துக்கடை நடத்துகிறவள். துணுக்கை ஒரு காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, கட்டிலுக்கு என்ன பூசினீங்க?"

"ஏம்மா?"

"பாப்பா கடிச்சுப் பேத்துட்டா. கொஞ்சம் உள்ளயும் போயிருக்கும்."

மறுமுனையில் சத்தமே இல்லை. இந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து அண்ணி பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

"அடியில எண்ணெய்மா. அது நல்ல எண்ணெய்தான். மேல பூசினதுதான்..." ரம்பத்தின் குரல் இறங்கியது. "என்கிட்ட இருந்தது தீர்ந்துபோச்சு. உனக்கு நாள் நெருங்கிடுச்சேன்னு அவசரம். பக்கத்துப் பட்டறை பாலிஷ்காரர்கிட்ட ஒரு கிண்ணம் வாங்கிப் பூசிட்டேன். என்ன ஏதுன்னு கேக்கல."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "டாக்டர்கிட்ட போறேன். நேரா அங்க வந்துடுங்க" என்றாள்.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். எலிக்குட்டி ஸ்டெதாஸ்கோப்பை எட்டிப் பிடித்துக் கடிக்கப் போனாள்.

"ஆள் ஜம்முனு இருக்கா. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா என்ன பூச்சுன்னே தெரியாம நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ரத்தத்துல ஈயம் இருக்கான்னு ஒரு தடவை பாத்துடலாம். நாளைக்குச் சாயங்காலம் தெரிஞ்சிடும்."

ஊசி ஏறியபோது குழந்தை வீறிட்டது. ரம்பம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உளி பட்டு விரல் கிழிந்தபோதும் முகம் சுளிக்காதவள், அன்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ் ஓட்டும் தம்பி, குழந்தையின் அப்பா, பாதி ஷிப்டில் ஆள் மாற்றிவிட்டு ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். பாலிஷ்காரர் போனை எடுக்கவில்லை. பெண்கள் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். வழியெல்லாம் பேச்சே இல்லை. புதிதாகக் கட்டிய ஓர் அலுவலகத்தில், மாடிப்படிக் கைப்பிடிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார் அவர். விஷயத்தைக் கேட்டதும் பிரஷைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்போ என்கிட்ட ரெண்டு டப்பா இருந்துச்சு. ஒண்ணு அரக்கு. இன்னொண்ணு வாசக்கதவுக்கு அடிக்கிறது, வெயில் மழை தாங்கும். அதுல என்னென்ன கலந்திருக்கானோ, எனக்கே தெரியாது. உனக்கு எதை ஊத்திக் குடுத்தேன்..."

"நல்லா யோசிங்கண்ணே."

"கல்யாண நாளே ஞாபகம் இல்லாம வீட்டுல திட்டு வாங்குறவன்மா நான்." சிரிக்க முயன்று, அவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "குழந்தை கட்டிலுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரக்கைத்தான் குடுத்திருப்பேன். சொன்னியா?"

"சொன்னேனான்னு எனக்கே ஞாபகம் இல்லண்ணே."

மருந்துக்கடைக்காரி முதல் தடவையாகக் குறுக்கிட்டாள். "அரக்குன்னா, மாத்திரை மேல பளபளன்னு பூசுவாங்களே, அதா?"

"அதேதான். மிட்டாய்க்கும் பூசுவாங்க."

"அப்போ அது ஸ்பிரிட்டுல கரையணுமே?"

ரம்பம் சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "கரையும்! கதவுக்கு அடிக்கிறது காஞ்சிட்டா ஸ்பிரிட்டுக்கு அசையாது. என் மர மண்டைக்கு இது ஏன் தோணல!"

கடையைத் திறந்து ஒரு புட்டி ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார்கள். தம்பி குழந்தையை அடுத்த அறைக்குத் தூக்கிப் போனான். மருந்துக்கடைக்காரி பஞ்சை நனைத்துச் சட்டத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். எடுத்துப் பார்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் வை" என்றாள் ரம்பம்.

மறுபடி நனைத்து வைத்தாள். இந்தத் தடவை பஞ்சு லேசில் வரவில்லை. இழுத்தபோது நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வந்தது, அடியில் பழுப்புக் கறை.

"ஒட்டுது அண்ணி! பிசுபிசுன்னு ஒட்டுது!"

ரம்பம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை அடைபட்டிருந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி கொட்டியது. அடியிலிருந்த எண்ணெய் காய்வதற்குள் மேலே பூசியது, அதனால் அரக்கு பிடிக்காமல் நின்றது, அவசரத்தில் புத்தி கெட்டுப்போனது, பாலிஷ்காரர் நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும் என்பது. மற்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "பேசுங்க அண்ணி. நல்லா பேசுங்க. காலையிலருந்து நீங்க பேசாமதான் எனக்கு உயிரே போச்சு."

மறுநாள் சாயங்காலம் டாக்டரே கூப்பிட்டார். ஈயம் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. தம்பி போனை வைத்துவிட்டு, குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக் கூடத்தையே சுற்றிவந்தான்.

அதற்குப் பிறகுதான் புதிதாக என்ன பூசுவது என்ற பேச்சு வந்தது. விடுமுறை நாளில் கட்டிலைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். ரம்பம் மரத்துண்டுகளில் விதவிதமாகப் பூசி, ஏற்கெனவே வரிசையாக வைத்திருந்தாள்.

"ஒண்ணுமே பூசாம விட்டா என்னக்கா?" என்றான் தம்பி.

"இவ எச்சில்ல ஊறி ஊறி மரம் சிலும்பிக்கும்டா. நாக்குல சிலாம்பு ஏறும்."

மருந்துக்கடைக்காரி ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தாள். "இது என்ன?"

"வால்நட் எண்ணெய். பளிச்சுனு இருக்கும்."

"வேண்டாம். சில குழந்தைங்களுக்குக் கொட்டை வகை ஒத்துக்காது. இவளுக்கு எப்படின்னு இன்னும் தெரியாது. இது?"

"தண்ணியில கலக்குறது. குழந்தைச் சாமானுக்கு ஏத்ததுன்னு டப்பாவுலயே போட்டிருக்கான். முழுசா காஞ்சிட்டா கெடுதல் இல்ல. ஆனா படலமாத்தான் நிக்கும். நம்ம ஆளு பல்லுக்குப் படலம் தாங்குமா சொல்லு."

கடைசியில் நின்றது பளபளப்பே இல்லாத ஒரு துண்டு. ஆளி விதை எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும். மரத்துக்குள் ஊறிவிடும், பெயர்ந்துவர மேலே ஒன்றும் இருக்காது.

"சீக்கிரம் காயறதுக்கு எதையாவது கலந்து விக்கிறாங்களே, அந்த எண்ணெயா?"

"சேச்சே. உலோக உப்பெல்லாம் கலந்ததைத் தொடவே மாட்டேன். இது சாப்பிடற எண்ணெய். ஆனா காய வாரக்கணக்குல ஆகும்."

"ஆகட்டும் அண்ணி. அவசரமே இல்ல."

பழைய பூச்சை இருவரும் சேர்ந்தே சுரண்டினார்கள். மருந்துக்கடைக்காரி உப்புத்தாள் பிடிக்கக் கற்றுக்கொண்டாள், நகம் இரண்டு உடைந்தது. எண்ணெயைத் துணியால் மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தை ஒற்றி எடுத்தார்கள். சுருட்டிப் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும் என்று ரம்பம் அந்தத் துணிகளைக் கொடியில் விரித்துக் காயவைத்தாள். தினமும் சட்டத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்து, வாசனை அடியோடு போகும்வரை கட்டிலை வெளியே விடவில்லை. அதுவரை எலிக்குட்டி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் குறுக்காகப் படுத்து, இருவரையும் மாறி மாறி உதைத்தாள்.

கட்டில் ஒரு மத்தியானம் திரும்பி வந்தது. தம்பி திருகுகளை முடுக்க, அவன் மனைவி புது விரிப்பு போட்டாள். குழந்தையைக் கிடத்தியதும் அது கால்களை நீட்டிப் புரண்டு தூங்கிப்போனது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ரம்பம் பக்கத்தில் பாயை விரித்துச் சாய்ந்தாள். மற்ற இருவரும் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்தார்கள். பல வாரத் தூக்கம் எல்லோருக்கும் பாக்கி இருந்தது. வெயில் சாய்ந்து, குழந்தை விழித்துத் தனக்குத்தானே பேசத் தொடங்கியபோதும், பெரியவர்கள் ஒருவரும் அசையவில்லை.