காலனுக்குப் பன்னிரண்டு

"இது போதும்" என்று சொல்லி நிமிர்ந்த டெல்மர் வானெக்கின் தலை டிரெய்லர் கூரையில் இடித்தது. தொப்பியைக் கழற்றினான். அப்போதும் இடித்தது. கழுத்தை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டு, வாசலில் நின்ற மனைவி அர்லிஸைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நார்த் பிளாட் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி டிரெய்லர் விற்கும் மைதானம் அது. ஏப்ரல் மாதக் காற்று ஆளைத் தள்ளியது. வரிசையாக நின்ற பெட்டிகளில் ஒன்றின் அடியில் கடைக்காரர் ஓரினின் கிழட்டு நாய் பிஸ்கட் படுத்திருந்தது. அதற்குப் பாதிக் கண் தெரியாது. வெயிலில் படுக்கவே படுக்காது. முதுகைத் தாழ்த்தி, வயிறு தரையில் உரச ஏதாவதொரு டிரெய்லருக்குக் கீழே நுழைந்தால்தான் அதற்குத் தூக்கம்.

வானெக் தம்பதிக்குக் கோடைதான் பிழைப்பு. நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் ஊருக்கு ஊர் நடக்கும் பொருட்காட்சிகளில் பெரிய செப்புக் கொப்பரையை ஏற்றி, சர்க்கரையும் உப்பும் போட்டுச் சோளம் பொரித்து விற்பார்கள். அதையெல்லாம் சுமந்த பழைய டிரெய்லர் தரை இற்றுப்போய், காயலான் கடைக்குப் போய்விட்டது. டெல்மர் அதற்காக வருத்தப்படவில்லை. கொட்டகைக் கதவு மாதிரித் தட்டையான முகம் அதற்கு. பிக்கப்பின் கூரைக்கு மேலே ஒரு முழம் துருத்திக்கொண்டு நிற்கும். எதிர்க்காற்று அடித்தால் ஒரு காலன் பெட்ரோலுக்கு எட்டு மைல்கூட ஓடாது. பொரியில் வந்ததைப் பெட்ரோல் பங்கில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய வருஷங்கள் உண்டு.

ஓரின் காட்டிய முதல் டிரெய்லர் அர்லிஸுக்குப் பிடித்திருந்தது. உயரமானது. இரண்டு பக்கமும் அலமாரி, மேலே காற்றுப்போக்கி, முன்பக்கம் படகு மாதிரிக் கூரான மூக்கு. மூக்கு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், பெட்ரோல் மிச்சமாகும் என்றார் ஓரின். டெல்மர் அதைச் சுற்றி வந்தான். பிக்கப்பின் கூரை மட்டத்துக்குக் கையை நீட்டிப் பிடித்து, அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் அளந்தான். மூக்கெல்லாம் அழகுக்குத்தான் என்பது அவன் கட்சி. காற்றை முதலில் கிழிப்பது பிக்கப். அதன் முதுகுக்குப் பின்னால் அடங்கி வருகிற பெட்டியைக் காற்று கண்டுகொள்ளாது. வெளியே துருத்துவதற்குத்தான் பெட்ரோல் அழ வேண்டும். அச்சும் ஒன்றே போதும், இரண்டு வைத்தால் நாள் முழுக்க இன்னும் இரண்டு டயர் ரோட்டில் தேயும் என்றான். அப்படிப் பார்த்துப் பார்த்து அவன் வந்து நின்றது, வரிசையிலேயே குட்டையான, ஒடுக்கமான இந்த வெள்ளைப் பெட்டியில்.

"உள்ள நீங்க நிமிரவே முடியாதே" என்றார் ஓரின்.

"நான் எதுக்கு உள்ள வரப்போறேன்? அடுப்பும் வெளியில, நானும் வெளியில. உள்ள நிக்கிறது இவதான். இவ தலைக்கு மேல ஒரு பூனை படுத்துக்கலாம்."

"பூனைக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்ல" என்றாள் அர்லிஸ். ஆனால் உள்ளே ஏறி நின்று பார்த்தபோது அவளுக்கு அது சரியாகத்தான் இருந்தது.

விற்பனைக்குப் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். அதற்கு ஆறேழு வாரம் ஆகும் என்றார் ஓரின். முன்பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். மைதானத்து வாசலில் வண்டியை நிறுத்தி, டெல்மர் டாஷ்போர்டில் மைலேஜ் காட்டும் எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். எந்தப் பயணத்தையும் அவன் அப்படித்தான் தொடங்குவான்.

"பாரு, அந்தப் பெட்டியை மாட்டினா பன்னிரண்டு குடுக்கும்."

"பத்து. நீ எப்பவும் ரெண்டு சேத்துத்தான் சொல்லுவ."

"பன்னிரண்டு. தோத்தவங்க செர்ரி பை வாங்கணும். பிரிட்ஜ்போர்ட் பேக்கரிக் கடையில. துண்டு கிடையாது, முழுசு."

அவள் ஒத்துக்கொண்டாள். பின்னால் எதுவும் இல்லாமல் அலையன்ஸில் தங்கள் வீடு வந்து சேர்ந்தபோது, எண் எப்போதும்போலப் பத்தொன்பதில் நின்றது.

மறுநாள் காலை அவள் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். டெல்மர் டயருக்குக் காற்றடிக்கப் போயிருந்தான். காற்றடிக்கும் இயந்திரம் ஓடியது. நின்று நின்று ஓட வேண்டியது, நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம்தான் அவளை வெளியே கூட்டிப்போனது. பின்சக்கரத்தின் மேல் சாய்ந்து, கையில் குழாயோடு அவன் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் களைப்பாறுகிற மாதிரித்தான் இருந்தது.

அடக்கம் முடிந்து, சர்ச் மண்டபத்தில் பன்றித் தொடையும், சீஸ் போட்ட உருளைக்கிழங்கும், கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியும் பரிமாறினார்கள். லிங்கனிலிருந்து வந்த மகள், பின்னறை காலியாக இருக்கிறது, வந்துவிடு என்றாள். ஸ்காட்ஸ்பிளஃப்பில் இதே தொழில் செய்கிற தம்பதி, கொப்பரையையும் பொருட்காட்சி இடங்களையும் தாங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். எல்லாரும் நல்லதைத்தான் சொன்னார்கள். அர்லிஸுக்கு லிங்கன் பிடிக்காது. அந்தப் பின்னறையின் ஜன்னலில் அடுத்த வீட்டுச் சுவர் மட்டுமே தெரியும். ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. கொப்பரையைத் துழாவுகிற கை போய்விட்டது. டிரெய்லரை வேண்டாமென்று சொல்லிவிட்டு, கொப்பரையையும் கொடுத்துவிட்டு, ஜூனுக்குள் போய்விடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பிக்கப்பை அவள் மறுபடி எடுத்தது அதற்கு அடுத்த வாரம். ஊருக்குள் சின்னச் சின்ன வேலை. சாலை நேர், காற்றும் அதிகமில்லை. பச்சை விளக்கில் கிளம்பும்போது வண்டி கொஞ்சம் யோசித்தது. பிரேக்கை மிதித்தபோது பின்னாலிருந்து மெல்ல ஒரு தள்ளல். தபால் ஆபீஸ் முனையில் திரும்பும்போது தன் கைகள் வட்டத்தை அகலமாகப் போடுவதைக் கவனித்தாள். டிரெய்லர் மாட்டியிருந்தால்தான் அப்படி ஒதுங்கித் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறிவிடும். கண்ணாடியில் பார்த்தாள். சாலைதான் தெரிந்தது. வீடு வந்து எண்ணைப் பார்த்தாள். பன்னிரண்டு.

டெல்மரின் தம்பி எமில் டிராக்டர் பழுது பார்க்கிறவன். பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடும் என்று நாலு சக்கரத்தையும் கழற்றினான். காற்று வடிகட்டியை மாற்றினான். டயர்களுக்கு மறுபடி காற்று பார்த்தான். பிறகு தானே ஓட்டிப்போய்த் திரும்பி வந்தான். பத்தொன்பது.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல, அர்லிஸ். உன் கால்தான் கனம்."

அவள் முட்டை ஓட்டின் மேல் வைக்கிற மாதிரிப் பெடலில் கால் வைத்து ஓட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு. காலியான சாலையில் வேகத்தைக் குறைத்து ஓட்டினாள். பன்னிரண்டு. காற்று முதுகில் அடித்த நாளிலும் அதே. ஓட்டிவிட்டு இறங்கினால், என்றும் இல்லாத வழக்கமாக, வண்டியின் பின்பக்கம் போய் நிற்பாள். டிரெய்லரை மாட்டுகிற இரும்புக் குண்டு வெறுமனே இருக்கும். ஒருமுறை அதைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு மேகமூட்டம்.

எமிலிடம் அதற்குமேல் சொல்லவில்லை. சொன்னால் மகளுக்குப் போன் போகும், லிங்கன் இன்னும் சீக்கிரம் வரும்.

மே கடைசியில், பெட்டி தயார் என்று ஓரினிடமிருந்து செய்தி வந்தது. போனில் வேண்டாமென்று சொல்வது அவளுக்கு மரியாதையாகப் படவில்லை. எமில் துணைக்கு வந்தான். அவள்தான் ஓட்டினாள். வழியெல்லாம் அவன் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டே வந்தான். சிட்னி தாண்டி நெடுஞ்சாலையில் ஏறும்வரை கிண்டல் பேசினான். அதற்குப் பிறகும் எண் பன்னிரண்டைத் தாண்டவில்லை.

ஓகலாலாவுக்கு முன்னால், மாட்டுத் தீவனம் ஏற்றிய ஒரு பெரிய லாரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அர்லிஸ் இடது பக்கம் ஏறி அதை முந்தினாள். அந்தச் சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. நீளமான வண்டி முந்தும்போது, அதன் வால் தன்னைத் தாண்டியதும் பின்னால் வரும் லாரிக்காரன் முகவிளக்கை ஒருமுறை சிமிட்டுவான். கடந்துவிட்டாய், இனி உள்ளே வரலாம் என்று அர்த்தம். கண்ணாடியில் தன் வாலைச் சரியாகப் பார்க்க முடியாதவர்களுக்குச் செய்கிற உதவி அது. வெறும் பிக்கப்புக்கு யாரும் சிமிட்டுவதில்லை.

பிக்கப் லாரியை முழுதாகத் தாண்டியது. எமில் திரும்பிப் பார்த்து, "வா, உள்ள வா" என்றான்.

அவள் வளைக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் தூரம், ஒரு பெட்டியின் நீளம், முன்னே போனாள். அப்போது லாரியின் விளக்கு கண்ணாடியில் ஒருமுறை சிமிட்டியது. அவள் உள்ளே வந்தாள். நன்றி சொல்லும் விதமாகத் தன் பின்விளக்கை இரண்டுமுறை அணைத்துப் போட்டாள், டெல்மர் செய்வதுபோல.

எமில் வெகுநேரம் திரும்பிய கழுத்தைத் திருப்பவில்லை. பிறகு முன்னால் பார்த்து உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டான்.

"அவன் யாரைப் பாத்து அடிச்சான்?"

"நம்மளத்தான்."

ஓரினின் மைதானத்தில் வண்டியை நிறுத்தினாள். நண்பகல், நிழலே இல்லாத வெயில். ஓரின் வந்து தொப்பியை எடுத்துவிட்டு, டெல்மரைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். முன்பணம் பற்றி அவள் கவலைப்பட வேண்டாம், வேறு ஆள் கிடைப்பார் என்றார். அவர் அவ்வளவு நல்லவிதமாகப் பேசியது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. வாயைத் திறந்தாள்.

கட்டடத்திலிருந்து பிஸ்கட் வந்தது. யாரையும் முகரவில்லை. பிக்கப்பின் பக்கமாக நடந்து, அதன் வால் கதவையும் தாண்டிப் போய், வெறும் சரளைக்கல் தரையில் நின்றது. தலையைத் தாழ்த்தியது. முதுகை இறக்கி, வயிறு தரையில் உரச, எதற்கோ அடியில் நுழைகிற மாதிரி ஊர்ந்து, சுட்டெரிக்கிற வெயிலில் சுருண்டு படுத்தது. மூச்சு வாங்கவில்லை. நிழலில் படுத்த நாயின் மூச்சு அது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். ஓரின் தலையில் வைக்கப்போன தொப்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டார். எமில் குரலைத் தாழ்த்தி, போயிடலாம் அர்லிஸ், இந்த வண்டியையும் இங்கேயே வித்துட்டு வேற வண்டியில போயிடலாம் என்றான். அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

அர்லிஸுக்கும் பயமாகத்தான் இருந்தது. இத்தனை வாரமும் இருந்தது. ஆனால் நாய் நிம்மதியாகக் கண்ணை மூடியதைப் பார்த்தபோது, அந்தப் பயத்துக்குள் டெல்மருக்கு மட்டுமே உரிய ஒரு பிடிவாதம் தெரிந்தது. வெளியில் நிற்பேன் என்றுதானே அவன் சொன்னான். அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவனோடு வாழ்ந்தவளுக்கு அது தானாக வரும்.

"வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்" என்றாள் ஓரினிடம். "ஆனா நான் அதை இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பெட்ரோல் எப்படியும் போயிட்டே இருக்கு. சும்மா எதுக்குப் போகணும்? உள்ள கொப்பரையை வெச்சு இழுக்கறேன்."

ஓரின் உள்ளே போய், சாவி எடுத்து வந்தார்.

பிக்கப்பைப் பின்னுக்கு நகர்த்தி டிரெய்லரோடு மாட்டும் வேலை அவளுக்கு வராது. இத்தனை வருஷத்தில் ஒருமுறையும் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் போகாமல் மாட்டியதில்லை. டெல்மர் ஒரே தடவையில் மாட்டுவான். எமில் பின்னால் நின்று கைகாட்டத் தயாரானான். நாய் எழுந்து, முதுகைத் தாழ்த்தியபடியே வெளியே வந்து, பிறகு நிமிர்ந்து உடம்பை உதறிக்கொண்டது. அர்லிஸ் வண்டியைப் பின்னால் விட்டாள். எமில் கையைத் தூக்குவதற்குள்ளேயே குண்டு டிரெய்லரின் கொக்கிக்கு நேர் கீழே போய் நின்றது. கொக்கி இறங்கி உட்கார்ந்த சத்தம் கேட்டது.

அவள் சங்கிலியை மாட்டி, விளக்குகளைச் சரிபார்த்தாள். புதிதாக வெட்டிய ஜன்னலைத் திறந்து மூடினாள். மைதானத்து வாசலில் நிறுத்தி, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். பின்னால் இப்போது இரண்டு பெட்டி இருக்குமா, அல்லது ஒன்றுதானா என்பது இன்னும் கொஞ்ச தூரத்தில் தெரிந்துவிடும். எட்டு என்று காட்டினால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுமே இல்லாமல் பத்தொன்பது காட்டினால் என்ன செய்வது என்று அதைவிடத் தெரியவில்லை.

எமில் டாஷ்போர்டு பக்கமே பார்க்காமல் வந்தான். எதிர்க்காற்று. பெட்டி பிக்கப்பின் முதுகுக்குப் பின்னால் அடங்கி வந்தது, ஆடவில்லை. கடந்துபோன லாரிகளும் அதை அதிகம் அசைக்கவில்லை. முதலில் எண் மேலும் கீழும் தாவியது. சிட்னியில் வடக்கே திரும்பும்போது அகலமாக வட்டம் போட்டாள். பிரிட்ஜ்போர்ட் கடையில் நிறுத்தி, ஒரு முழு செர்ரி பை வாங்கினாள். யாருக்கு விசேஷம் என்று கடைக்காரப் பெண் கேட்டாள். பந்தயத்தில் தோற்றுப்போனேன் என்றாள் அர்லிஸ்.

வீடு வந்து, டிரெய்லரைக் கழற்றுவதற்கு முன் அதன் சக்கரக் குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. சமையலறை மேஜையில் செர்ரி பையை வைத்துவிட்டு, மகளுக்குப் போன் செய்து, இந்தக் கோடை வரமுடியாது, பொருட்காட்சி இருக்கிறது என்றாள். பிறகு சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்து, வெளியே போனாள்.

டாஷ்போர்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு.