இரண்டு டிகிரி

களிமண்ணைப் பிளேடால் குறுக்கே வெட்டி அளந்தேன். வால்வு அழுந்திய இடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. என் தம்பி மலக்கியின் மகள் விளையாடும் மஞ்சள் களிமண். பச்சையைக் கொண்டுவந்தால் பட்டறையை விட்டே துரத்திவிடுவான். அபசகுனம் என்று ஆர்மா பக்கத்துப் பந்தயக்காரன் எவனும் பச்சையைத் தொடமாட்டான். களிமண்ணைப் பிஸ்டன் தலையில் ஒட்டி, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தால், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும். வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைத் தள்ளிவைத்தால் வேகம் கூடும், இந்த இடம் குறையும். இடம் போதாவிட்டால் வேகத்தில் இரண்டும் மோதும், எஞ்சின் இறுகும், பின்சக்கரம் ஓட்டத்திலேயே நின்றுபோகும். எங்கள் பைக் பந்தயம் நடப்பது ஊர்ச்சாலையில். இரண்டு பக்கமும் கல்சுவர்.

"நீ கேட்ட மாதிரி கேமை ரெண்டு டிகிரி தள்ளி வச்சுப் பாத்துட்டேன். ரொம்ப நெருக்கம்டா," என்றேன்.

"இருக்கட்டும்க்கா. போன வருஷம் ஏத்தத்துல கோர்மக் என்னைத் தாண்டிப் போனப்ப கையாட்டிட்டுப் போனான்."

"ஆட்டட்டுமே. கைதானே?"

"நீ எப்பவும் இப்படித்தான். சரி சரின்னு தலையாட்டுவ. நான் டீ குடிக்கப் போனதும் கேம் ஷாஃப்ட்டைப் பழையபடி வச்சு மூடிடுவ."

பொய்யில்லை. ஒவ்வொரு வருஷமும் அதைத்தான் செய்தேன், அவனும் உயிரோடு திரும்பி வந்தான். இந்த முறை அவன் டீ குடிக்கப் போனபோது ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு முப்பத்தொன்பது வயது. இனி எத்தனை பந்தயம் ஓட்டப்போகிறான்? மயிரிழையில்தான் என்றாலும் தாங்கும் என்று தோன்றியது. அவன் கேட்ட இடத்திலேயே இறுக்கி மூடினேன்.

சனிக்கிழமை புறப்படும் கோட்டில் என் நெற்றியில் தன் ஹெல்மெட்டை இடித்துச் சிரித்தான்.

"கோவிச்சுக்காதக்கா. நேத்து நீ பூசைக்குப் போனப்ப மூடியைத் திறந்து நானே ரெண்டு டிகிரி தள்ளிட்டேன்."

"அளந்தியா?"

"எதுக்கு? நீ பழைய இடத்துலதானே வச்சிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?"

கேம் சக்கரத்தில் கோடு எதுவும் கிடையாது. டிகிரி குறித்த தட்டை மாட்டி அளந்தால்தான் அது எங்கே நிற்கிறது என்று தெரியும். அளக்க அவனுக்கு என்றைக்குப் பொறுமை இருந்தது?

"டேய், இந்தத் தடவை நான் பழையபடி வைக்கலடா! இப்ப நாலு டிகிரிடா! அணைடா வண்டியை!"

அதற்குள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டான். சுற்றிலும் முப்பது எஞ்சின்களும் ஒரே நேரத்தில் உறுமின. திட்டுகிறேன் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நான் ஓடினேன். கொடிக்காரர் என் தோளைப் பிடித்து வேலியோரம் தள்ளினார். "உனக்கென்ன பைத்தியமாம்மா?"

கொடி இறங்கியது.

புகை கலைந்த பிறகும் அவன் எஞ்சின் மட்டும் தனியாகக் கேட்டது. மூன்றாம் கியர், நான்காம் கியர். இவ்வளவு இனிமையாக அது பாடி நான் கேட்டதே இல்லை. ஐந்து. கூட்டம் முழுவதும் வண்டிகள் திரும்பி வரும் பக்கம் கழுத்தை நீட்டி நின்றது. நான் மட்டும் அவன் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.