ஹெப்பிளின் முழங்கால்

எர்னஸ்ட் ஹெப்பிளின் நல்ல வயதைப் போர் தின்றுவிட்டது. திரும்பி வந்தவன், முப்பது தாண்டிய உடம்போடு, பிரான்ட்லி கால்பந்து அணிக்காக மூன்றாம் டிவிஷன் சேற்றில் நடுத்தடுப்பாளனாக நின்றுகொண்டிருந்தான். குடியிருந்த வீடு கிளப்புடையது. ஆட்டம் இருக்கும்வரைதான் வீடு. யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழற்றிவிடுவது என்று மே மாதம் மேலாளர் முடிவு செய்வார். வலது முழங்கால் வீங்குவது அதுவரை வெளியே தெரியக்கூடாது. மனைவி ஐவிக்கு மட்டும் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் பதினோரு பேரும் ஒரே தொட்டியில்தான் குளிப்பார்கள். தண்ணீர் நன்றாகக் கலங்கிய பிறகு, கால் தெரியாது என்ற தைரியத்தில், ஹெப்பிள் கடைசியாக இறங்குவான். மார்ச் மாதம் கோல்கீப்பர் வில்ஃப் டாசனும் கடைசியாக இறங்க ஆரம்பித்தான்.

"கால் எப்படிப்பா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டான்.

"எனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கேன்," என்றான் ஹெப்பிள்.

மைதானத்திலும் வில்ஃபின் போக்கு சரியில்லை. கோலை விட்டு வெகுதூரம் ஓடிவந்து, ஹெப்பிள் எடுக்க வேண்டிய பந்தையெல்லாம் தானே எடுத்தான். கிழவனால் ஓட முடியவில்லை என்று ஊருக்குக் காட்டுகிறான், வேறென்ன? பிறகு ஒருநாள் மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்த வில்ஃப், ஹெப்பிளைக் கண்டதும் தலை குனிந்துகொண்டான். மறுநாளே கிளப் தச்சன் வந்து வீட்டு ஜன்னலை அளந்துகொண்டு போனான்.

"போட்டுக் குடுத்துட்டான். வேற எவன் பொண்டாட்டியோ திரைச்சீலை தைக்க அளவு எடுத்துட்டுப் போறாங்க," என்றான் ஹெப்பிள்.

"ரேஷன் கூப்பனுக்கே துணி கிடைக்கல, இதுல திரைச்சீலையா? உனக்கு முழங்கால் மட்டுமில்ல, மண்டையும் வீங்கியிருக்கு," என்றாள் ஐவி.

சனிக்கிழமை நல்ல மழை. அணிக்கொரு கோல், ஆட்டம் முடியும் நேரம். பந்து உயரமாகக் கோலை நோக்கி வந்தது.

"என்னோடது, விடு!" என்று வில்ஃப் கத்தினான்.

கோல்கீப்பர் குரல் கொடுத்தால் தடுப்பாளன் ஒதுங்க வேண்டும். பந்தைத் தொட்ட எவனுக்கும் இது தெரியும். ஹெப்பிள் ஒதுங்கவில்லை. நீ பெயர் வாங்க நான் வேடிக்கை பார்க்க வேண்டுமா என்று எகிறினான். இருவரும் மோதி விழுந்தார்கள். முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. பந்து மெதுவாக உருண்டு வலைக்குள் போனது.

உடைமாற்றும் அறையில் மேலாளர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது இன்னைக்கு வந்த வீக்கம் இல்லையே. எத்தனை நாளா மறைச்சே? ஹெப்பிள் எனக்கு முன்னாடி நின்னாத்தான் அடுத்த வருஷ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவேன்னு இந்த வில்ஃப் என்கிட்ட ஒத்தைக் கால்ல நின்னான். நானும் சரின்னுட்டேன். உன் வீட்டுல ஒழுகுற ஜன்னலை மாத்தக்கூட ஆள் அனுப்பினேன். இப்ப என்னை என்ன செய்யச் சொல்றே?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

பெஞ்சின் மறுகோடியில் வில்ஃப், மோதலில் முறிந்த மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹெப்பிளுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

"கூட்டம் போட்ட சத்தத்துல நான் கத்தினது உனக்குக் கேட்டிருக்காதுப்பா," என்றான் வில்ஃப்.

"கேட்டுச்சு," என்றான் ஹெப்பிள்.