குருநாதனுக்கு நூறு நாள்

அரியலூர் ஸ்டேஷன் வாசலில் வாடகைக் கார் ஓட்டிய ஞானமுத்துவுக்கு உலகத்தில் இரண்டே ஆசைகள். ஒன்று பீடி. நாளுக்கு ஒரு கட்டு தீர்ந்துவிடும். இன்னொன்று, குரும்பலூர் நடராசனின் ஆஸ்டின்.

அந்த ஆஸ்டின் திருச்சியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் இருந்தது. உலகச் சண்டை முடிந்து அவர் சீமைக்குக் கப்பல் ஏறும்போது நடராசன் அதை வாங்கினார். நிலபுலன் உள்ள மனிதர், கார் என்றால் சோறு வேண்டாம். ஆனால் ஓட்டத்தான் கை வரவில்லை. திருச்சியிலிருந்து குரும்பலூர் வரைக்கும் அதை ஓட்டிக்கொண்டு வந்து, அவர் வீட்டு வாசலில் நிறுத்தியது ஞானமுத்துதான். அன்றிலிருந்து அந்த ஸ்டியரிங் தனக்குப் பாத்தியப்பட்டது என்று மனசுக்குள் ஒரு நினைப்பு.

ஞானமுத்துவின் சொந்த வண்டி பழைய ஃபோர்டு. பெட்ரோல் கூப்பனுக்கு அளந்து கிடைத்த காலம் அது. அதனால் வண்டியின் முதுகில் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி, கரிப்புகையில் ஓட்டினார். சட்டை, தலைமுடி, தோல் என்று எல்லாவற்றிலும் எந்நேரமும் புகை வாடை. ஊரைச் சுற்றி எத்தனை வண்டிகள் இருந்தாலும், ஆஸ்டினின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டால் அவருக்குக் காது குளிரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பூசை முடித்துச் சாப்பிட்டுவிட்டு பெரம்பலூருக்கு வந்துவிடுவார். அங்கே கார் பழுது பார்க்கும் தங்கசாமி மேஸ்திரியின் ஷெட்டில் நாலு பேர் கூடுவார்கள். மேஸ்திரி, நடராசன், ஞானமுத்து, அப்புறம் குருநாதன். கடலை மில் முதலாளியின் காரை ஓட்டிய குருநாதன் பெரம்பலூருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. முப்பது வயசு. வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவன் வருவதற்கு முன்னால் நடராசன் எதைக் கேட்டாலும் "ஞானமுத்து, இது என்ன சத்தம்?" என்றுதான் கேட்பார். இப்போது "குருநாதா" என்கிறார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு, வேலைக்காக மேஸ்திரி ஓட்டிவந்து ஷெட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்த ஆஸ்டினின் பின் சீட்டில் சாய்ந்துகொண்டு குருநாதன் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சிகரெட் நுனியிலிருந்து நெருப்பு விழுந்து, சீட்டுத் தோலில் பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்துவிட்டது.

நடராசன் ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "சீமைத் தோலுய்யா இது. உன் வாயில எரியறது என்னிக்கித்தான் அணையும்?"

"நீங்க சொன்னா இன்னிக்கே அணைச்சிடறேங்க."

"அணைச்சிடுவியா? நூறு நாள் அணைச்சுக் காட்டு. காட்டினா இந்த வண்டிய செட்டிகுளம் வரைக்கும் நீயே ஓட்டு. நாங்க மூணு பேரும் பின்னாடி ஒக்காந்துட்டு வரோம்."

வேலியோரம் தள்ளி உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த ஞானமுத்து பாதிப் பீடியைத் தரையில் நசுக்கினார். திருச்சியிலிருந்து கொண்டுவந்த கை இங்கே இருக்கிறது. ஓட்டை போட்டவனுக்கு ஸ்டியரிங்காம்.

மறுநாள் காலையில் ஷெட் கதவில் மேஸ்திரி சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். தினமும் ஒன்று. குருநாதன் மில்லுக்குப் போகும் வழியில் நின்று வாயைத் திறந்து ஊதிக் காட்ட வேண்டும். மேஸ்திரி மோந்து பார்த்துவிட்டுத்தான் கோடு. "சைலன்சர் சுத்தமா இருக்கு, போயிட்டு வா" என்பார். குருநாதன் இருமினால் "கார்பன் கழலுது" என்பார். நடராசன் வாரா வாரம் கிராம்பும் வறுத்த கடலையும் மடித்துக்கொண்டு வந்து அவன் சட்டைப்பையில் திணித்தார். தான் மூக்குப்பொடி போடும்போதுகூட அவன் மனசு கெடக்கூடாது என்று திரும்பி நின்றுகொண்டார். நாலாவது வாரம் அவன் கன்னம் லேசாக உப்பியதும், "டயருக்குக் காத்து ஏறிடுச்சு" என்று மேஸ்திரி அவன் கன்னத்தை அழுத்திப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஞானமுத்துவும் சிரித்தார். சிரித்துவிட்டு வேலியோரம் போய் உட்கார்ந்தார். அவர் எழுந்து போனதை யாரும் பார்க்கவில்லை.

முப்பத்திரண்டாவது நாள் வியாழக்கிழமை. குருநாதன் முதலாளியை அழைத்துப் போக அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். ரயில் இரண்டு மணி நேரம் லேட் என்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஞானமுத்து தன் வண்டிக்குள் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒரு பீடியைப் பற்றவைத்து, நிதானமாக இழுத்து, அவன் பக்கமாகவே புகையை விட்டார். பிறகு பீடிக் கட்டையும் நெருப்புப்பெட்டியையும் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு, கரி அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று இறங்கினார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. மழையில் நனைந்தபடி அதன் மூடியைத் திறந்து மூடினார். திரும்பி வந்தபோது குருநாதன் வாயில் பீடி இருந்தது.

ஞானமுத்து பீடிக் கட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவரைக்கும் ஞானமுத்துவுக்கு உள்ளுக்குள் இனித்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அதுவே கசந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில், எல்லோரும் வந்து சேர்ந்ததும் குருநாதனே சொன்னான். "மேஸ்திரி, கோடெல்லாத்தையும் அழிச்சிடுங்க. வியாழக்கிழம ஒரு பீடி குடிச்சிட்டேன். ரெண்டு நாளா உங்ககிட்ட ஊதிக் காட்டறப்பல்லாம் கூசுச்சு."

"யாருகிட்ட வாங்கின?" என்றார் நடராசன்.

"யாருகிட்ட வாங்குனா என்னங்க. குடிச்சது நான்தானே."

ஞானமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடராசன் கோபிப்பார் என்று எதிர்பார்த்தார். அவரோ எழுந்துபோய் குருநாதன் தோளில் தட்டினார். "ஒளிக்காம சொன்ன பாரு, அது போதும். மொதல்லேருந்து ஆரம்பி. ஆஸ்டின் எங்கயும் ஓடிப்போயிடாது." மேஸ்திரி ஈரத்துணியால் கதவைத் துடைத்தார். "எஞ்சினைப் பிரிச்சு மாட்டுனா மறுபடி ஓட்டிப் பழக்கணும்ல, அது மாதிரிதான்யா" என்றார். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த பிரியம் முன்னைவிட இரண்டு பங்கு.

அரியலூருக்குத் திரும்பும் வழியில் ஞானமுத்து வண்டியை நிறுத்தினார். பீடிக் கட்டை எடுத்துக் கரி அடுப்புக்குள் போட்டார். இவனால் முடிவது என்னால் முடியாதா என்ற வீம்புதான் அது. திருந்த வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அப்போது இல்லை.

முதல் வாரம் நரகம். காலையில் பீடி இல்லாமல் வயிறு இறங்கவில்லை. கை தானாகக் காதுமடலுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பியது. தா.பழூர் போக வந்த ஒரு குடும்பத்திடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்து, சவாரியை இழந்தார். மூன்றாம் நாளே அவர் மனைவி மரிய புஷ்பத்துக்குத் தெரிந்துவிட்டது. சட்டை துவைக்கும்போது பையில் பீடித்தூள் இல்லை.

"விட்டுட்டீங்களா?" என்றாள்.

"யாருகிட்டயும் சொல்லாத."

"நல்லதுதானே பண்ணியிருக்கீங்க. சொன்னா என்ன?"

ஷெட்டில் இருப்பவர்களிடம் அவராகச் சொல்லக் கூடாது. அவர்களாகவே கண்டுபிடிக்க வேண்டும். அவர்களாகவே கேட்க வேண்டும். என்னய்யா ஞானமுத்து, நீயுமா என்று மேஸ்திரி வாயை மோந்து பார்க்க வேண்டும். கன்னத்தை அழுத்த வேண்டும். நாற்பது வயசில் இப்படி ஒரு ஆசையை யாரிடம் சொல்வது?

யாரும் கண்டுபிடிக்கவில்லை. கரி வண்டிக்காரன் மேல் புகை வாடை இல்லாமல் எப்படி இருக்கும்? பழக்கதோஷத்தில் அவர் வேலியோரமே உட்கார்ந்தார். பீடி பிடிக்கிறார் என்று அவர்களும் நினைத்துக்கொண்டார்கள். கதவில் குருநாதனுக்கு விழுந்த ஒவ்வொரு கோடும் தனக்கும் சேர்த்துத்தான் என்று அவர் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். இருபதாவது கோட்டுக்கு நடராசன் கடலை மிட்டாய் வாங்கிவந்தார். ஐம்பதாவது கோட்டுக்கு மேஸ்திரி ஒரு பழைய கார் ஹாரனை அழுத்தினார். "குருநாதா, நீ ஆம்பளைய்யா" என்றார். ஞானமுத்துவுக்கும் ஒரு மிட்டாய் கிடைத்தது. கூட இருந்ததற்காக.

எண்பது கோடு ஆனபோது குருநாதன் தங்கை கல்யாணத்துக்காக மீன்சுருட்டிக்குப் போனான். நாலு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு வரும்போதே அவன் வாயில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னால ஆவலைங்க," என்றான். "சம்பந்திங்க, மச்சானுங்க எல்லாம் ஊதறாங்க. நானும் ஊதிட்டேன். இனிமே முடியும்னு தோணலை. உங்கள ஏமாத்தக் கூடாது."

நடராசன் மூக்குப்பொடி டப்பாவை எடுத்துத் தட்டினார். "போவுது விடு," என்றார் பிறகு. "தங்கை கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?"

மேஸ்திரி வாளியில் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு கதவுப் பக்கம் போனார். எண்பது கோடுகள்.

"அழிக்காத" என்றார் ஞானமுத்து.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றிருந்தார். "அது என் கணக்கும்தான். இவன் மறுபடி ஆரம்பிச்ச அன்னிக்கே நானும் விட்டுட்டேன். இந்த நாலு நாளையும் சேத்தா எம்பத்தி நாலு."

மேஸ்திரி சிரித்துவிட்டார். "யோவ், போன வாரம்கூட வேலியோரம் ஒக்காந்து..."

"சும்மாதான் ஒக்காந்திருந்தேன்."

"நெசம்தாங்க," என்றான் குருநாதன். "ஸ்டேஷன் பொட்டிக்கடைக்காரர் எங்கிட்ட சொன்னாரு, ஞானமுத்து ரெண்டு மாசமா கடைப்பக்கமே வரலைன்னு. அண்ணன் தானா சொல்லட்டும்னு இருந்தேன்."

மேஸ்திரி துணியைப் போட்டுவிட்டு, மேலும் நாலு கோடு போட்டார். பதினாறு நாள் மிச்சம். நடராசன் ஞானமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உன்னப் பத்தி எனக்குக் கவலை இல்லய்யா. நீ நெனச்சா முடிப்ப. முடிச்சா செட்டிகுளத்துக்கு நீயே ஓட்டு" என்றார். அவ்வளவுதான். கிராம்பு வரவில்லை, கடலை வரவில்லை. வாயை மோந்து பார்க்க மேஸ்திரிக்கு மரியாதை தடுத்தது. கேலியெல்லாம் வாசலுக்கு வெளியே நின்று புகைவிடும் குருநாதனுக்கே போயிற்று. "நம்ம கரி வண்டி வந்துடுச்சுடோய்" என்று மேஸ்திரி கத்துவார். அவன் புகையை மூக்கால் விட்டுக் காட்டுவான். ஜெயித்தவனைவிடத் தோற்றவன் சந்தோஷமாக இருந்தான். ஞானமுத்துவுக்கு அது பொறுக்கவே இல்லை.

கடைசி வாரத்தில் ஒருநாள், ஸ்டேஷனில் குருநாதன் தனியாக இருக்கும்போது அவர் அவனிடம் போனார். "தம்பி, அன்னிக்கி மழையில பீடிக் கட்ட நான் வேணும்னேதான் வச்சிட்டுப் போனேன்."

"தெரியும்ணே."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீங்க வச்சீங்க. வாயில வச்சது நான்தானே." அவன் சிகரெட்டை மறு கைக்கு மாற்றி, புகை அவர் பக்கம் போகாமல் திரும்பி நின்றுகொண்டான். அடித்திருந்தால்கூட ஞானமுத்துவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. இந்த நல்ல குணத்தைப் பார்த்தும் அவருக்கு முதலில் வந்தது பொறாமைதான். வெட்கம் அதற்கப்புறம் வந்தது. "தப்பு என்னுதுதான்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு நடந்தார்.

நூறாவது கோடு விழுந்த பிறகு வந்த ஞாயிறன்று நடராசன் தன் கூப்பனையெல்லாம் சேர்த்து ஆஸ்டினுக்குப் பெட்ரோல் நிரப்பியிருந்தார். சொன்ன சொல்படி சாவியை ஞானமுத்துவிடம் கொடுத்தார். ஞானமுத்து வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பின் சீட்டில் நடராசனும் மேஸ்திரியும் ஏறினார்கள். குருநாதன் தயங்கி நின்றபோது, "நீயும் ஏறு தம்பி" என்றது ஞானமுத்துதான்.

செட்டிகுளம் சாலையில் வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. இருபுறமும் கடலைக் கொல்லை. கியர் மாற்றுவது கைக்கே தெரியவில்லை. இத்தனை மாதமாக ஏங்கிய ஸ்டியரிங் கையில் இருந்தது. பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. குருநாதன் மீன்சுருட்டிக் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் சாம்பாருக்கு நடத்திய சண்டையை நடித்துக்காட்டிக்கொண்டிருந்தான். மேஸ்திரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடராசன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எஞ்சின் சத்தத்தில் ஞானமுத்துவுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

"என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல, சாம்பாரு வாளிய..." என்று மேஸ்திரி ஆரம்பித்து, சொல்ல வராமல் மறுபடி சிரித்தார்.

ஞானமுத்து வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். எஞ்சின் சத்தம் தணிந்து, குருநாதனின் குரல் கொஞ்சம் தெளிவாகக் கேட்டது. ஒரு மாட்டு வண்டி அவர்களைத் தாண்டிப் போயிற்று. வண்டியோட்டி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

"என்னய்யா இது?" என்றார் மேஸ்திரி. "நூறு நாள் பீடி பிடிக்காம ஆளுக்கு ஓடற சத்தே போயிடுச்சா? மாட்டு வண்டி முந்திட்டுப் போவுது."

"புது மாப்ள ஊர்வலம்னு நெனச்சுட்டாருய்யா," என்றார் நடராசன். "சட்டையப் பாத்தீல்ல?"

"அண்ணே, மேளத்துக்குச் சொல்லிட்டீங்களா?" என்றான் குருநாதன்.

பின் சீட்டு முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவை தன்னைப் பார்த்து என்று ஞானமுத்துவுக்குத் தெரிந்தது. காது சூடேறியது. "வாய மூடிட்டு வாங்கய்யா," என்றார் முகத்தைத் திருப்பாமல். வண்டியின் வேகத்தை மட்டும் அவர் கூட்டவில்லை.