அக்கா குரலில் பேசிய அத்தான்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் லிஃப்டில் என்னை மடக்கிக் கேட்டது கட்டுரைதான்.

"சார், நம்ம செய்திமடலுக்கு ஒரு பக்கம் வேணும். போன், லேப்டாப்பையெல்லாம் எப்படி ரொம்ப நாள் உழைக்க வைக்கிறது, பழசானா எப்படி ஒழுங்கா கழிச்சு விடறதுன்னு. கதை கிதை வேண்டாம் சார். உபயோகமா இருக்கணும்."

கதை என்பது உபயோகமில்லாத சரக்கு என்று ஒரு கதைக்காரனின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, தன் மாடி வந்ததும் இறங்கிப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் எழுத உட்கார்ந்தேன்.

'இன்றைய நவீன யுகத்தில் மின்னணுக் கருவிகள் நம் வாழ்வின் பிரிக்க முடியாத'... சீ. அடித்தாயிற்று.

'உங்கள் அலமாரியின் கடைசித் தட்டைத் திறந்து பாருங்கள், அங்கே'... வீடு சோதனை போட வந்தவன் பேசுவதுபோல் இருக்கிறது. இதுவும் போச்சு.

'என் அத்தானின் வாய் உப்பிவிட்டது.'

இது கட்டுரையின் முதல் வரி இல்லை என்று எனக்கே தெரியும். ஆனால் அடிக்க மனம் வரவில்லை. ஆகவே செயலாளர் கேட்டதை நடுநடுவே தூவிவிட்டு, எனக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளப் போகிறேன்.

2

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். லாரி ஷெட்டில் சரக்கு ஏற்றி அனுப்பும் வேலையை மேற்பார்வை பார்த்தவர். நாலைந்து எஞ்சின்கள் ஒன்றாக உறுமும்போதும் அவர் குரல் தனியாகக் கேட்கும். வாயைத் திறந்தால் கிண்டல், இல்லாவிட்டால் வசவு. நன்றி என்ற சொல்லை அவர் உச்சரித்து நான் கேட்டதே இல்லை. (கேட்டிருந்தால் உடம்பு சரியில்லையா என்று விசாரித்திருப்பேன்.)

அந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. கை கால் ஓரளவு திரும்பின. சொல் திரும்பவில்லை. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும். பதிலும் உள்ளே தயாராக இருக்கும். வாயிலும் வராது, பேனாவைக் கொடுத்தால் கையிலும் வராது. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்மணி ஒரு டேப்லெட்டில் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். திரை முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு படம். குவளைப் படத்தைத் தொட்டால் தண்ணீர் கேட்கும். என்ன கேட்க வேண்டும் என்பதை வீட்டில் யாராவது பேசிப் பதிவு செய்துவைக்க வேண்டும்.

அக்கா பேசி வைத்தாள்.

அக்கா மழலையர் பள்ளி ஆசிரியை. ஒவ்வோர் எழுத்தையும் கீழே விழாமல் எடுத்து வைப்பதுபோல் பேசுவாள். அன்றிலிருந்து அத்தனை பெரிய உருவத்திடமிருந்து "எனக்குப் பசிக்கிறது", "கொஞ்சம் தண்ணீர் தருகிறீர்களா?", "மிக்க நன்றி" என்றெல்லாம் வரத் தொடங்கியது. பார்க்க வருகிறவர்கள் உருகிப்போவார்கள். "அவ குரல்லயே பேசறாரு பாருங்க, இதுக்கெல்லாம் கொடுத்து வச்சிருக்கணும்" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

[இங்கே முதல் வரைவில் இருந்த வரி: 'மனைவியின் குரல் தன் விரல் நுனியிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் அவர் கண்களில் ஓர் ஈரம்.' எழுதிவிட்டு எழுந்து போய்த் தேநீர் போட்டுக் குடித்தேன், அவ்வளவு திருப்தி. இப்போது அடிக்கிறேன். காரணம் நான்காம் பகுதியில்.]

3

அத்தான் ஒரு நிமிடம்கூடப் பேச்சில்லாமல் இருந்துவிடக் கூடாது என்ற பயத்தில் அக்கா அந்த டேப்லெட்டைச் சார்ஜரிலிருந்து கழற்ற விடமாட்டாள். கீழே விழுந்தால் உடையக் கூடாதென்று பஞ்சு வைத்துத் தடியாக ஓர் உறை வேறு தைத்துப் போட்டிருந்தாள். செயலாளருக்கான முதல் உபயோகமான செய்தி இங்கே வருகிறது: பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு. எப்போதும் முழுக்க நிரம்பியே இருப்பது ஒன்று, சூடு இன்னொன்று. அக்கா இரண்டையும் அன்போடு கொடுத்திருக்கிறாள்.

"டேய், பின்பக்கம் வயிறு மாதிரி உப்பியிருக்குடா" என்று என்னைக் கூப்பிட்டாள். திரை சட்டத்தை விட்டு எழும்பி நின்றது. மூவருமாகப் பழுதுபார்க்கும் கடைக்குப் போனோம். கடைப் பெண் அதைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, தரையில் பதிக்கும் ஓடு ஒன்றை எடுத்து மேசையில் போட்டு அதன்மேல் வைக்கச் சொன்னாள்.

"ஆஃப் பண்ணிடுங்கக்கா. அழுத்தாதீங்க. இனிமே சார்ஜ் போடவே கூடாது."

"பேட்டரியை மாத்திட்டா?"

"இந்த மாடலுக்கு பேட்டரி வர்றது நின்னு போச்சு. லேசா உப்பினப்பவே வந்திருந்தா கிடைச்சிருக்கும்."

"அப்போ உள்ள நான் பேசி வச்சதெல்லாம்?"

"அந்த ஆப்பை இப்ப யாரும் நடத்தறதில்லக்கா. உள்ள இருக்கறதை வெளிய எடுக்க வழியும் வைக்கல. வேற ஒண்ணு வந்திருக்கு, இதைவிட நல்லாவே இருக்கு. ஆனா எல்லாத்தையும் புதுசா பேசணும்." உடனே, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள், "இல்லன்னா மெஷினே பேசும், கேளுங்க" என்று ஓர் ஆண் குரலை ஓடவிட்டாள்.

"ரயில் தாமதம்னு சொல்ற மாதிரி இருக்கும்மா" என்றாள் அக்கா. அத்தானும் கையை வீசி மறுத்தார். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே கருத்து.

"நானே மறுபடி பேசிடறேன். எல்லாம் எனக்கு மனப்பாடம்" என்று அக்கா முடித்துவிட்டாள். புது டேப்லெட்டை வாங்கிக்கொண்டு, பழையதைக் கடையிலேயே ஓட்டின்மேல் விட்டுவிட்டு வந்தோம்.

* அவருடைய சொந்தக் குரல் எங்கும் பதிவாகியிருக்காதா என்று கேட்பீர்கள். அவருடைய பழைய போன்களை நகல் எடுக்காமலே யார் யாருக்கோ தூக்கிக் கொடுத்திருந்தோம். மிஞ்சிய ஒரு வீடியோவில் தெளிவாகக் கேட்பது ஒரே வாக்கியம். அது என் தலைமுடியைப் பற்றியது, இங்கே எழுத முடியாது. செயலாளருக்கு இரண்டாவது செய்தி: கொடுப்பதற்கு முன் நகல் எடுங்கள்.

4

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கட்டத்துக்குப் பேசினாள். "கொஞ்சம் தண்ணீர் தருகிறீர்களா?"

அத்தான் விரலை நீட்டி அதை அழித்தார்.

"கை பட்டுடுச்சு" என்று அக்கா மறுபடி பேசினாள். மறுபடி அழித்தார்.

"என்னங்க, அழியுது பாருங்க. கையை எடுங்க."

அவள் மூன்றாவது முறை வாயைத் திறப்பதற்குள் அத்தான் டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்து, திருப்பி, என் முன்னால் தள்ளினார். என் வாயைச் சுட்டிக் காட்டினார்.

அக்கா சிரித்தாள். "இவன் குரலா? இவன் எப்பவும் சளி பிடிச்ச மாதிரியில்ல பேசுவான்."

அத்தான் சிரிக்கவில்லை. விரலை இறக்கவும் இல்லை. அக்காவின் சிரிப்பு மெல்ல நின்றது.

"என் குரல்ல என்ன குறைச்சல்?" என்று கேட்டாள். அவரிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாள்.

குறைச்சல் ஒன்றுமில்லை. அது அவள் குரல், அவ்வளவுதான். ஷெட்டையே அதிர வைத்த மனிதர் இத்தனை வருஷமாக, பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லும் தொனியில் சோறு கேட்டிருக்கிறார், வலியைச் சொல்லியிருக்கிறார், கோபப்படவும் முயன்றிருக்கிறார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து நெகிழ்ந்திருக்கிறோம். 'எனக்கு இந்தக் குரல் வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு ஒரு கட்டம் கிடையாது. இருந்திருந்தால் அதையும் அவள் குரலில்தான் சொல்லியிருப்பார்.

5

இந்த இடத்தில் கதாசிரியன் கொஞ்சம் தடுமாறுகிறான். அடுத்தவர் வாயில் சொல்லைத் திணிப்பதுதான் என் பிழைப்பு. இதுவரை எந்தப் பாத்திரமும் எதிரே உட்கார்ந்து திருத்தம் போட்டதில்லை.

'கொஞ்சம் தண்ணீர்' என்று தொடங்கினேன். இல்லையென்று தலை ஆடியது. 'தண்ணி வேணும்.' ம்ஹும். 'தண்ணி எங்க?' மேசையில் ஒரு தட்டு. அங்கீகாரம்.

'நன்றி' என்றேன். ஈ ஓட்டுவதுபோல் கையை வீசினார்.

பிறகு பழைய டேப்லெட்டில் இல்லாத கட்டங்களுக்கு வந்தோம். அதாவது, அக்கா கேட்க விரும்பாததால் பேசி வைக்காத கட்டங்கள். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் தட்டினார். 'ஏன்?' தட்டு. 'பொய்.' பலமான தட்டு. 'பேச்சை மாத்தாத.' அதற்கும் தட்டு. மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. சந்தோஷம்தான்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"உட்காரு?"

இல்லை.

"இரு?"

கிட்டத்தில் வந்துவிட்டேன் என்று விரலைச் சுழற்றினார்.

"போகாதே?"

[எனக்கு மிகவும் பிடித்த சொல். கதைக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளும். அவருக்குப் பிடிக்கவில்லை.]

"நான் இன்னும் முடிக்கல?"

உள்ளங்கையால் மேசையை அறைந்தார். கரண்டி எகிறி விழுந்தது. கட்டத்தைத் தேடி விரல் அலையும்போதே எழுந்து போய்விடுகிறவர்கள் நாங்கள். விருந்தாளி, நான், அக்கா, எல்லோரும்தான். பதிவு செய்ததும் அவர் அதையே திரும்பத் திரும்ப அழுத்தினார். நான் இன்னும் முடிக்கல. நான் இன்னும் முடிக்கல. குரல் என்னுடையது, சூடு அவருடையது.

அக்கா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ இத்தனை வருஷமா எனக்கு நானேதான் பேசிட்டு இருந்தேனாடா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா" என்றேன்.

அத்தான் 'பொய்' கட்டத்தைத் தொட்டார்.

அக்கா அழுதாள். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள். அவரிடமிருந்து அப்படி ஒரு வெட்டு வந்து அவளுக்கு எத்தனை காலமாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலித்திருக்கும். வலித்தது என்று பிறகு அவளே சொன்னாள்.

6

பழைய டேப்லெட் கடையிலேயே காத்திருந்தது. மறுபடி மூவருமாகப் போனோம். அதை அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளலாமா என்று அக்கா கேட்டாள். "வீட்டுக்கே தீ வச்சுக்கலாமான்னு கேக்கற மாதிரி இருக்குக்கா" என்றாள் கடைப் பெண். மிச்சமிருக்கும் சார்ஜில் ஒரே ஒரு முறை திறந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்றாள்.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) அக்கா அழிக்க மறுத்து அதை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். [தீ. கதையும் சேர்ந்து எரியும்.]

ஆ) அழிப்பதற்கு முன் அத்தான் எட்டி 'மிக்க நன்றி' கட்டத்தைத் தொடுகிறார். அவள் குரலிலேயே, அவளுக்கே. [கண்ணீர் நிச்சயம். அதனாலேயே வேண்டாம். அவரும் அதைச் செய்யவில்லை. சுவரில் தொங்கிய புது போன் உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.]

இ) நடந்தது. எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று திரை கேட்டது. நான் அழுத்தப் போனேன். அக்கா என் கையைத் தள்ளிவிட்டாள்.

"அழி. எனக்குத்தான் வாய் இருக்கே" என்று அந்தத் திரையிடமே சொல்லிவிட்டு அழுத்தினாள்.

கடைப் பெண் அதை மணல் போட்ட தகரப் பெட்டிக்குள் இறக்கினாள். செயலாளருக்கு மூன்றாவது செய்தி: இதையெல்லாம் வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் பேட்டரி பற்றிக்கொள்ளும். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கையும் முகமும் இருக்கின்றன.

7

கட்டுரை முடிந்துவிட்டது. கதையில் ஒரு கட்டம் பாக்கி.

அக்காவின் புகைப்படம் போட்ட கட்டம். அவளைக் கூப்பிட. பழையதில் அவளே அதற்கு "இங்கே வாருங்கள்" என்று பேசி வைத்திருந்தாள். பேச்சு இருந்த காலத்தில் அத்தான் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். பாதி கிண்டல், மீதி என்னவென்று அவர்கள் இருவருக்கும் தெரியும்.

"டீச்சர்" என்று பேசிப் பதிவு செய்தேன். அழித்தார். கொஞ்சம் இழுத்துப் பேசினேன். அழித்தார். அவரைப்போலவே கர்ஜித்துப் பார்த்தேன். அழித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நியாயம்தான். என் அக்காவை அந்தச் சொல்லால் கூப்பிட எனக்கென்ன உரிமை?

பிறகு அவரே டேப்லெட்டை இழுத்துக்கொண்டார். பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு வாயை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஓர் ஓசை. அதை அவர் யார் முன்னாலும் விட்டதில்லை. தவறி வந்துவிட்டால் இருமி மறைத்துவிடுவார். அதைத்தான் இப்போது எழுப்பினார். திரும்ப ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். அழிக்கவில்லை.

அந்த ஓசையை எழுத முயன்றேன். 'ட்டீ'... குழந்தை பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. 'ஏஹ்'... வலி மாதிரி இருக்கிறது, அது வலி இல்லை. 'உடைந்துபோன அந்தக் குரல்'... இது என் சரக்கு, அவருடையது இல்லை. மூன்றையும் அடித்துவிட்டு இடம் விட்டிருக்கிறேன்.

(                              )

இங்கே நீங்கள் எதையும் எழுத வேண்டாம். சொல்லில்லாமல் உங்களுக்கு வேண்டிய ஒருவரைக் கூப்பிட்டுப் பாருங்கள், வாய்விட்டு. அழகாக மட்டும் கூப்பிடாதீர்கள், அத்தான் அழித்துவிடுவார்.

அத்தான் கட்டத்தைத் தொட்டார். அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. அக்கா ஈரக் கையோடு வாசலுக்கு வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவள் அவரிடம் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவர் கூப்பிட்டது என்னை இல்லை.